கொப்பிக்குள் இருந்த கற்றை

கிண்ணியா வீட்டுக் கூடத்தில் மின்விசிறி கடகடக்கிறது. பள்ளிக்கூடத்துப் பழைய அலுமாரியைத் துப்புரவாக்கியபோது அகப்பட்டதென்று இன்று கொடுத்தனுப்பிய கொப்பியை ஸுல்பிகா புரட்டுகிறாள். அவள் கணவர் ஸஹாப்தீன் அங்கே ஆங்கில ஆசிரியராக இருந்தவர். கொத்து, குஞ்சம் என்பவற்றைக் குறிக்கும், இப்போது அரிதாகவே வழங்கும் ஆங்கிலச் சொற்களைத் தேடியெழுதி, பக்கத்தில் அந்தந்தப் பொருளையே ஒட்டிவைத்திருக்கிறார். 'டஸக்' என்பதற்குக் காய்ந்த புல். 'ஃப்ளொக்' என்பதற்குத் தலையணைப் பஞ்சு. அடுத்த பக்கத்தில் 'டேட்', சிறு முடிக்கற்றை. அதனருகே பூனைமயிர் போல மெல்லிய கருமுடி. கீழே 'சனூஸா, பிறந்து ஏழாம் நாள்' என்ற எழுத்து. சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அன்று நாலு வயது மகளோடு வீடும் போயிற்று. பிள்ளையின் ஒரு படமோ உடுப்போ மிஞ்சவில்லை. "இஞ்சாருங்க, முடி இறக்கின அண்டைக்கு எல்லாத்தையும் தென்னைக்கடியில தாட்டதெண்டுதானே சொன்னீங்க?" கதிரையில் இருந்த ஸஹாப்தீன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கிறார். "இதை மட்டும் எடுத்து வச்சனான். கொப்பியும் கடலோட போச்செண்டு நினைச்சுத்தான் உங்களிட்டச் சொல்லேல்ல." பசை இற்றுப்போன கற்றையிலிருந்து ஒரு முடி மெல்ல எழும்புகிறது. ஸுல்பிகா இரண்டு கையாலும் பக்கத்தைப் பொத்திக்கொண்டு அலறுகிறாள்: "ஃபேனை நிப்பாட்டுங்க!"