ஆறு கட்டங்கள்

பத்து நிமிஷம் தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று அனுப்பிவைத்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பாதி திறந்த கதவு, ஒரு காகிதம், அதில் கட்டங்கள், அதன்மேல் குனிந்த இரண்டு தலைகள்.

"ரெண்டு பேரும் ஜாதகத்தையே அலசறா போலிருக்கு" என்றார் பிள்ளையின் அப்பா ஆதிகேசவன்.

பெண்ணின் அப்பா முரளீதரனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இதற்கு முன் சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்துபோன மூன்று வரன்களோடும் ரக்ஷா மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசியதில்லை. "மரகதம், இன்னும் ரெண்டு குடலை இட்லி கொண்டா" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

இட்லி வந்தது. கொண்டுவந்த மரகதவல்லி உடனே சமையலறைக்குத் திரும்பிவிட்டாள். பி.யு.சி. முடித்த கையோடு கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தவள். இருபத்தேழு வருஷத்தில் கூடத்தில் நின்று பேசியதைவிட உள்ளே இருந்து கேட்டதுதான் அதிகம்.

அறையில் அச்சுத் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தான். பெங்களூரில் மூளை ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் வேலை. காகிதத்தில் இருந்தது ஜாதகம் இல்லை. ஆறு கட்டம், ஆறு செமஸ்டர்.

சென்னைக் கல்லூரி ஒன்றில் அந்த வருஷம், 2004-ல், பி.எஸ்ஸி. பிஹேவியரல் நியூரோசயின்ஸ் ஆரம்பித்திருந்தார்கள். மூளை நம்மை எப்படி நடந்துகொள்ள வைக்கிறது என்பதைச் சொல்லும் படிப்பு. எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்று நாமே திட்டம் போட்டு விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டும். வயது வரம்பு கிடையாது. நாளை கடைசித் தேதி.

"ஞாபக சக்தி பேப்பரை முதல் செமஸ்டர்லயே போட்டிருக்கேளே" என்றான் அச்சுத். "நரம்பு செல்னா என்னன்னு தெரியாம அது புரியாது. மூணாவதுக்குத் தள்ளிடலாம்."

ரக்ஷா அழித்து எழுதினாள். "ஸ்டாடிஸ்டிக்ஸ்?"

"அதைத் தள்ளவே கூடாது. ரெண்டாவதுல முடிச்சுடணும்."

"லேப்ல எலியை அறுக்கணுமா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"முதல் வருஷம் கிடையாது. வளைஞ்சு வளைஞ்சு போற பாதையில விட்டு, வெளில வர எத்தனை நிமிஷம் ஆறதுன்னு குறிச்சுக்கணும். அவ்வளவுதான்."

"அப்போ சரி" என்றாள் ரக்ஷா. பாத்திரச் சத்தம் மறுபடியும் கேட்டது.

"இந்த எட்டு மணி லேப் மட்டும் வேண்டாம். சமையலை முடிச்சுட்டுத்தான் ரயிலைப் பிடிக்கணும்."

அச்சுத் எட்டை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினான். பெண்ணுக்குச் சமையலில் இத்தனை அக்கறை என்று தன் அம்மாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று தோன்றியது.

"பயாலஜி படிச்சிருக்கணுமே. இல்லேன்னா எடுத்துக்க மாட்டா."

"பயாலஜி உண்டு. ஃபர்ஸ்ட் கிளாஸ்."

பெண் எம்.காம். என்று தரகர் சொன்ன ஞாபகம் அவனுக்கு. நடுவில் குரூப் மாறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். புரிகிறவரை விடாமல் கேட்கிற அவள் சுபாவம் அவனுக்குப் பிடித்திருந்தது. ஆறாவது கட்டத்தை நிரப்பும்போது இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தது.

"ஆத்துல எல்லாருக்கும் தெரியுமா?"

"அப்பாவுக்குத் தெரியாது. ரெண்டு வாரமா சொல்ல வாய் வரல."

"நான் வேணா சொல்லட்டுமா?"

ரக்ஷா சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "சொல்லுங்கோ" என்றாள்.

அச்சுத் காகிதத்தோடு எழுந்து கூடத்துக்கு வந்தான். "எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு" என்றான். ஆதிகேசவன் முரளீதரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா கல்யாணத்தை மூணு வருஷம் கழிச்சு வெச்சுக்கலாம். மெட்ராஸ்ல மூளை சம்பந்தமா ஒரு பி.எஸ்ஸி. இருக்கு. அதைப் படிச்சு முடிக்கட்டும். நாளைக்குள்ள அப்ளிகேஷன் போகணும்."

பின்னாலேயே வந்த ரக்ஷா, "இல்ல, அது வந்து..." என்று ஆரம்பித்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

முரளீதரன் கையை விடுவித்துக்கொண்டார். "எம்.காம். முடிச்சவளுக்கு மறுபடியும் பி.எஸ்ஸி.யா? எனக்குத் தெரியாம யார் இதெல்லாம் ஏற்பாடு பண்ணினது?"

பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "மூணு வருஷம் போனா உனக்கு முப்பத்திரண்டுடா."

"பரவாயில்லம்மா. பிளான் நன்னா வந்திருக்கு. நான் காத்துண்டிருக்கேன்."

முரளீதரனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. நல்ல வரன், தானாகப் பிடித்திருக்கிறது என்று சொன்ன வரன், கைக்கு வந்து மூன்று வருஷம் தள்ளிப் போய்விட்டது. "அந்தக் காகிதத்தை இப்படிக் கொடுங்கோ" என்றார்.

அதற்குள் மரகதவல்லி வந்துவிட்டாள். ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு காகிதத்தை அவளே வாங்கினாள். முதல் கட்டத்திலிருந்து ஆறாவது வரைக்கும் நின்றபடியே படித்தாள். கிழித்துப் போடத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். ரக்ஷா தலையை மட்டும் அசைத்தாள். மரகதவல்லி காகிதத்தை நாலாக மடித்தாள்.

"கல்யாணத்தை ஆவணியிலேயே வெச்சுக்கலாம் மாப்பிள்ளை" என்றாள். "படிக்கப் போறது நான்."