ஆறாவது இடம்

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

தொமோயா கையடக்க வீடியோ கேம் கருவியை மனைவியின் மூக்குக்கு நேராக நீட்டினான். அடியில் கணப்பு வைத்த கொதாட்சு மேசையின் போர்வைக்குள் காலை நீட்டி, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள் ஷிஹோ.

"எது?"

"இதோ, ஆறாவது இடத்துல. நத்தை! லெவல் மூணு!"

"அதுவா? குளத்தங்கரையில தனியா உக்காந்திருந்துச்சு. பாவமா இருந்துச்சு, பிடிச்சுட்டேன்."

"பிடிச்சா பெட்டியில போட வேண்டியதுதானே. ஆறு பேர் அணியில எதுக்குச் சேர்த்தே? என் டிராகன் எங்கே?"

"பெட்டியில. கொஞ்சம் தூங்கட்டும். உழைச்சு ஓடாத் தேய்ஞ்சு போச்சு."

தொமோயாவுக்குத் தலை சுற்றியது. மற்ற ஐந்து பிராணிகளும் லெவல் அறுபது. ஒவ்வொன்றையும் புதருக்கும் குகைக்கும் இழுத்துக்கொண்டு அலைந்து ஏற்றிவிட்டவன் அவன். இன்றைக்காவது சாம்பியனோடு மோதி ஆட்டத்தை முடித்துத் தொலைக்கலாம் என்று நினைத்திருந்தான்.

"வசந்தத்துல ஒரு வவ்வால். மழைக்காலத்துல ஒரு கள்ளிச்செடி. இப்ப நத்தை! எல்லாத்தையும் அறுபதுக்குக் கொண்டுவந்து மூச்சு விடறதுக்குள்ள இன்னொரு நோஞ்சானைக் கூட்டிட்டு வந்துடறே!"

"அப்ப அதை அப்படியே வச்சுக்கிட்டுச் சண்டைக்குப் போ. யார் வேணாங்கறா?"

"எப்படிப் போறது? எல்லாரும் ஒரே லெவல்ல இருந்தாத்தான்..."

"அந்தச் சட்டத்தைப் போட்டது யாரு?"

அவன்தான். கல்யாணமான புதிதில், இருவரும் சேர்ந்து இந்தக் கருவியை வாங்கி, முதல் பிராணிக்குப் பேர் வைத்த அன்று, பெரிய மனுஷன் மாதிரி சொல்லியிருந்தான்: 'யாரையும் பின்னால விட்டுட்டுப் போகக் கூடாது. ஏறினா எல்லாரும் ஒண்ணா ஏறணும்.'

"ஏதோ அன்னைக்கு வாய் சும்மா இருக்காம சொல்லிட்டேன்!"

"சொன்னது சொன்னதுதான்," என்று ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

கைபேசி அடித்தது. தொயாமாவிலிருந்து அவனுடைய அக்கா.

"டேய், அந்தப் பொம்மைச் சண்டை இன்னும் முடியலையா? மாடி ரூமைப் பெருக்கி, மெத்தையெல்லாம் காயப் போட்டு எடுத்து வச்சு எத்தனை நாளாச்சு! வருவியா, மாட்டியா?"

"வர்றேன் அக்கா. நடுவுல ஒரு நத்தை வந்து மாட்டிக்கிச்சு."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. வந்துடறேன்."

போனை வைத்துவிட்டுக் கருவியை ஷிஹோவிடம் தள்ளினான்.

"நீ கூட்டிட்டு வந்தது, நீயே வளர்த்துக்கோ. முதல்ல நத்தையை முன்னால நிறுத்து. அடி விழறதுக்குள்ள பின்னால இழுத்துட்டு, பெரிய ஆளை அனுப்பு. நத்தை சண்டையே போடாட்டியும் அதுக்கும் பாதி அனுபவப் புள்ளி வந்துரும். தெரியும்ல?"

"தெரியும், தெரியும்."

நத்தையை முன்னால் நிறுத்தினாள். இன்னொரு ஆரஞ்சை எடுக்கக் கையை நீட்டினாள். அவ்வளவுதான், ஒரே அடி. நத்தை மல்லாந்தது.

"இழுக்கச் சொன்னேனே!"

"எதிராளி மூஞ்சியப் பார்த்தேன். களையா இருந்தான். மறந்துட்டேன்."

"எட்டு வருஷமா விளையாடறே! இது கூடவா மறக்கும்? குடு இங்க!"

பிடுங்கிக்கொண்டான். பிறகு அந்த வாரம் முழுக்க, வேலைக்குப் போகும் ரயிலில், சோறு வேகும் நேரத்தில், அவன்தான் திட்டிக்கொண்டே நத்தையை முன்னால் நிறுத்தினான், பின்னால் இழுத்தான்.

அடுத்த ஞாயிறு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"அறுபது!" என்று கத்தினான். "வந்து பாரு. ஆறும் அறுபது. ஒரு குறை சொல்ல முடியாது."

ஷிஹோ வந்து பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குறை ஒன்றும் கிடைக்கவில்லை.

"சரி, போ. முடிச்சுடு," என்றாள். "நான் டீ போடறேன்."

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

தொமோயா அணியைச் சாம்பியன் கோட்டை வாசலுக்கு நடத்திப் போனான். வாசலில் எப்போதும் கூடையோடு நிற்கும் முட்டைக்காரி, வழக்கம்போல 'முட்டை வேணுமா தம்பி?' என்று திரையில் வழிமறித்தாள். இத்தனை மாதமும் அவளை எரிச்சலோடு தட்டிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

சமையலறையில் கெட்டில் விசிலடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"அடுப்பை அணைக்கக் கூடாதா? காது கிழியுது!"

விசில் நின்றது, வெகு நேரம் கழித்து.

ஷிஹோ இரண்டு கோப்பைகளோடு வந்து உட்கார்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"ஜெயிச்சாச்சா?" திரையைப் பார்க்காமலே கேட்டாள். "நாளைக்கு லீவு சொல்லிட்டேன். காலையிலேயே வார்டு அலுவலகம் போய் விவாகரத்தைப் பதிஞ்சுடலாம். சேர்ந்து தொடங்கினதுல இது ஒண்ணையாவது பாதியில விடாம முடிச்சுட்டு, மறுநாளே பிரிஞ்சுடலாம்னு வசந்தத்துல பேசினபடிதானே... பாவம், உங்க அக்காவும் மாடியைத் தயார் பண்ணிட்டு எவ்வளவு நாள்தான் காத்திருப்பாங்க?"

தொமோயா கருவியை அவள் பக்கம் திருப்பினான். பெட்டிக்குள் டிராகனுக்குத் துணையாக வவ்வாலும் தூங்கப் போயிருந்தது. நத்தை ஓர் இடம் முன்னால் நகர்ந்திருக்க, ஆறாவது இடத்தில் ஒரு முட்டை.

"இனிமே இது எப்ப பொரிஞ்சு, எப்ப அறுபதாகி, நாம எப்ப உள்ள போறது?" என்று சலித்துக்கொண்டான். "சும்மா உக்காந்திருக்காம ஒரு நல்ல பேரா யோசி!"