நடுவருக்கு மட்டும்

"போட்டியில பேசி முடிச்சதும் வந்துடு கண்ணு. சாயங்காலம் தாராபுரத்துல இருந்து மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாராங்க. தேதி குறிச்சுட்டுப் போயிருவாங்க" என்றார் மகுடேஸ்வரன், பள்ளி வாசலில் காரை நிறுத்தியபடி.

"எனக்கு மேல படிக்கோணுங்கப்பா."

"மறுபடியுமா?" கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஷிப்மெண்ட் நெருக்கடியில் கம்பெனியிலேயே கிடந்தவர். "ப்ளஸ் டூ முடியட்டும். அப்பறம் படிக்கறதுன்னா அவங்க ஊட்டுல கேட்டுக்கலாம்."

நித்யஸ்ரீ காரை விட்டு இறங்கினாள். மாதக்கணக்கில் இதே பேச்சு. அழுதாயிற்று, சாப்பிடாமல் கிடந்தாயிற்று. "உங்கப்பா சொன்னாச் சொன்னதுதான், உடு" என்று அம்மாவும் அலுத்துவிட்டாள்.

பிரெஞ்சுப் பேச்சுப் போட்டிக்கு வந்தவர்களை ஹாலுக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள். பிரெஞ்சு டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். மார்க் வரும் என்று பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். நித்யஸ்ரீக்கு மட்டும் அந்த மொழியின் மேல் நிஜமாகவே ஆசை. வீட்டில் யூடியூப் பார்த்துப் பார்த்துப் பேசவே பழகியிருந்தாள்.

தாளாளர் பெருமாள்சாமி எட்டிப் பார்த்தார்.

"கோயமுத்தூர்ல இருந்து வரவேண்டிய ஜட்ஜுக்குக் காய்ச்சலாம். நம்ம தரணீதரன் சாரைக் கூட்டிட்டு வந்திருக்கறோம். பிரெஞ்சுக் கம்பெனியோட திருப்பூர் ஆபீஸுக்கே அவர்தான் மேனேஜர். பாரிஸுக்கெல்லாம் போய்ட்டு வந்தவரு. பார்த்துப் பேசுங்க."

நித்யஸ்ரீ நிமிர்ந்தாள். தரணீதரன் சாரா? அப்பாவின் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் கொடுப்பவர். அவரிடமிருந்து போன் வந்தால் அப்பா சாப்பிட்ட கையோடு எழுந்து நிற்பார்.

கடைசியாகத்தான் அவளைக் கூப்பிட்டார்கள். பேசி முடித்த பிள்ளைகள் அறைக்கே திரும்பியிருந்ததால் ஹாலில் பெற்றோர்கள் மட்டும் இருந்தார்கள். கிளம்பியிருக்க வேண்டிய அப்பா, நடுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார் போலிருக்கிறது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தரணீதரன் சட்டை கசங்கி, கண் சிவந்து, அப்பாவை விடவும் களைத்துத் தெரிந்தார்.

'எனக்குப் பிடித்த பண்டிகை' என்பதுதான் தலைப்பு. நித்யஸ்ரீ மைக்கைப் பிடித்தாள். நேராக நடுவரைப் பார்த்து, பிரெஞ்சில் நிதானமாகப் பேசினாள்.

"ஐயா, நான் பண்டிகையைப் பற்றிப் பேசப்போவதில்லை. இந்த ஹாலில் நான் பேசுவது உங்களுக்கு மட்டும்தான் புரியும். முதல் வரிசையில் நீலச் சட்டை போட்டிருப்பவர் என் அப்பா. நல்லவர். ஆனால் என் பேச்சு அவர் காதில் ஏறுவதில்லை. பரீட்சை முடிந்ததும் எனக்குக் கல்யாணம். எனக்குப் படிக்க வேண்டும். கெஞ்சிக் கெஞ்சிக் களைத்துவிட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அப்பா கேட்பார். சொல்லுங்கள் ஐயா."

கடைசியில் குரல் உடைந்துவிட்டது. தரணீதரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார்.

எல்லோரையும் விட அப்பாதான் பலமாகக் கை தட்டினார்.

முதல் பரிசு நித்யஸ்ரீக்கு. கோப்பையை வாங்கிக்கொண்டு அவள் மேடையிலிருந்து இறங்குவதற்குள் அப்பா நடுவரிடம் போய்விட்டார்.

"நம்ம பொண்ணுதானுங்க. என்னங்க பேசுனா?"

நித்யஸ்ரீ மேடைப் படியிலேயே நின்றுவிட்டாள். தரணீதரன் அவளை ஒருமுறை பார்த்தார்.

"அருமையாப் பேசுச்சுங்க. ஏனுங்க, பொட்டப் புள்ளைன்னு பாதியில நிறுத்திப்போடாதீங்க. அது எவ்வளவு படிக்கோணுங்குதோ அவ்வளவும் படிக்க வைங்க."

அப்பா திரும்பி மகளைப் பார்த்தார். "நீங்க சொல்றப்ப... சரிங்க" என்றார்.

நித்யஸ்ரீ கைகூப்பினாள். "மெர்சி" என்று பிரெஞ்சிலேயே நன்றி சொன்னாள்.

அப்பா காரைக் கிளப்பினார். வேலம்பாளையம் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தாராபுரத்துக்குப் போன் போட்டார்.

"மாமா, இன்னைக்கு வரவேண்டாமுங்க... இல்லீங்க, ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. புள்ள படிக்கோணுங்குது. படிக்கட்டுமுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க."

போனை வைத்தவர் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"இத்தனை நாளா நீ சொன்னது எங்காதுல ஏறல சாமி. ஊரான் சொன்னதும் ஏறிப்போச்சு. அப்பனைத் தப்பா நெனைக்காதே."

நித்யஸ்ரீ அழுதாள். பல மாதக் களைப்பெல்லாம் அந்த அழுகையோடு போனது.

அதே நேரம் பள்ளி வாசலில் தாளாளர் பெருமாள்சாமி, தரணீதரனை வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

"முதல் பரிசு வாங்குன புள்ளையோட அப்பா முகமே மாறிப் போறாருங்க. அப்படி என்ன சொன்னீங்க அவருகிட்ட?"

"எல்லாப் பெத்தவங்ககிட்டயும் சொன்னதுதானுங்க. நல்லாப் பேசுச்சு, நிறுத்தாமப் படிக்க வைங்கன்னு. ஜட்ஜுன்னு உட்கார வெச்சுட்டா வேறென்னத்தச் சொல்றது?"

கொட்டாவி விட்டுக்கொண்டே தரணீதரன் கார் கதவைத் திறந்தார்.

"பாரிஸ்லயே இங்கிலீஷ வெச்சு ஓட்டிட்டு வந்தவன் நான், பிரெஞ்சு ஒரு எழுத்துக்கூடத் தெரியாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், நீங்கதான் சும்மா வந்து உட்கார்ந்தாப் போதும்னீங்க. ஆமா, அந்தப் புள்ள என் மூஞ்சியப் பார்த்தே என்னதானுங்க பேசுச்சு?"