மெழுகுக்கு அடியில் நீலம்

கடைக்காரர் மேசைமேல் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார்.

அவள் எதையும் தொடவில்லை. துப்பட்டா நுனியைக் கட்டைவிரலில் சுற்றி இறுக்கினாள். விரல் வெளுத்தது.

"கீறல் ஆழமாம்மா? நகத்தால தடவுனா மாட்டுதா?"

மாட்டவில்லை. அது கீறலே இல்லை. வெள்ளைக் காரில் ஒட்டிக்கொண்ட வேறு பெயிண்ட். இடது முன் சக்கரத்துக்கு மேலே, ஒரு சாண் நீளத்துக்கு, நீலம்.

"கேட்டுல உரசிட்டுதுட்டி. பாலிஷ் வாங்கியாந்து தேச்சு விடு. சாயங்காலத்துக்குள்ள கறை போயிரணும்." காலையில் பல் தேய்த்துக்கொண்டே அண்ணன் சொன்னான். வாயில் நுரை.

அவர்கள் வீட்டு கேட் கறுப்பு.

காருக்கு வேண்டியதையெல்லாம் தானே போய் வாங்குகிறவன், இன்றைக்கு அவளை அனுப்பியிருந்தான். இரண்டு நாளாக அவன் வாசற்படி தாண்டவில்லை.

அந்த நீலத்தை அவளுக்குத் தெரியும்.

பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளின் நீலம். அவளும் அதை ஓட்டியிருக்கிறாள். நாலே மாதம். பஸ் ஸ்டாண்டில் எவனோடோ நின்று பேசினாள் என்று அண்ணன் படிப்பை நிறுத்தினான். அவள் பேசியது கணக்கு வாத்தியாரோடு. அதைச் சொல்ல அவளை யாரும் விடவில்லை. சைக்கிளைத் தன் சேக்காளி ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

முந்தாநாள் கல்லூரணி விலக்கில், பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வந்த ஒரு பிள்ளையை ஒரு கார் இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. வெள்ளைக் கார் என்பதற்கு மேல் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மாரிச்செல்வி. பதினொன்றாம் வகுப்பு. பெரியாஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

பால்காரர்தான் காலையில் சொன்னார். "அந்தப் புள்ளையோட அய்யா நெளிஞ்ச சைக்கிள் மட்கார்ட கையில பிடிச்சிக்கிட்டு தெருத்தெருவா அலையுதாரு. வெள்ளைக் காரா பாத்து ஒட்டி ஒட்டிப் பாக்காரு. பாவம்."

அதைக் கேட்டதும் உள்ளே அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

கடைக்காரர் முதல் டப்பாவைத் தட்டினார். "இது காம்பவுண்டு. பொடி மணல் மாதிரி. மேல ஒட்டுனத அரிச்சு எடுத்துரும். பத்தே நிமிசம், இருந்த இடம் தெரியாது."

அடுத்தது. "இது பாலிஷ். காம்பவுண்டு போட்ட இடத்த வழவழன்னு ஆக்கும்."

மூன்றாவது தட்டையான வட்ட டப்பா. அதை அவர் தட்டவில்லை. "இது மெழுகு. எதையும் எடுக்காது. அடியில என்ன இருக்கோ அத அப்படியே மூடிக் காக்கும். மழை வெயில் அண்டாது. ஒனக்கு இது ஆகாதும்மா. முதல் ரெண்டையும் கொண்டு போ."

அவளுக்குத் தெரியும். மூன்று வருடமாக அந்தக் காரைக் கழுவித் துடைப்பது அவள்தான். ஓட்டுவது மட்டும் அவன். டப்பாக்களின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படித்திருக்கிறாள். அந்த வீட்டில் அவளுக்குப் படிக்கக் கிடைத்தது அதுதான்.

அண்ணன் ஒன்றையும் படித்ததில்லை. டப்பாவில் கார் படம் இருந்தால் அவனுக்கு அது பாலிஷ்.

வட்ட டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இது போதும்."

"ஏம்மா, கறை போவாதுங்கேன்..."

"போவ வேண்டாம்."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டில் அண்ணன் டப்பாவை ஒரு தரம் திருப்பிப் பார்த்தான். படத்தில் சிவப்புக் கார் பளபளத்தது.

"நல்லா அமுக்கித் தேய்யி. முடிச்சதும் உறையப் போட்டு மூடிரு. எவனும் வந்து கேட்டா, கார் ஒர்க்‌ஷாப்புல கெடக்குன்னு சொல்லு. என்னட்டி, காதுல விழுதா?"

தலையை ஆட்டினாள்.

அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். குறட்டை வாசல்வரை கேட்டது.

இரண்டு நாளாக இப்படித்தான் தூங்குகிறான்.

கையில் கிடைக்கும் கல்லை எடுத்து முன்கண்ணாடியில் போடலாம் போலிருந்தது. தாடை வலித்தது. அப்போதுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

ஆனால் மெழுகுக்குக் கோபம் ஆகாது. கொஞ்சம் அழுத்தினாலும் திட்டுத் திட்டாகிவிடும்.

உறையைக் கழற்றி எறிந்தாள். தண்ணீரை விசிறி அடித்தாள். காரைத் துடைத்தாள். காயவிட்டாள்.

நீலக் கோட்டின்மேல் பஞ்சை வைக்கும்போது கை தானாக மெதுவாகியது. சின்னச் சின்ன வட்டமாக. மூடிய கண்ணிமைமேல் மருந்து தடவுவதுபோல.

மெழுகு பனிபோல வெளுத்துக் காய்ந்தது. மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தாள்.

மறுபடி ஒரு பூச்சு. அந்த ஒரு சாணுக்கு மட்டும்.

துணியை விலக்கினாள்.

நீலம் பளிச்சென்று நின்றது. கடையிலிருந்து அன்றைக்குத்தான் இறக்கிய சைக்கிள்போல.

கார் உறையைச் சுருட்டி சோப்புத் தண்ணீர் வாளிக்குள் திணித்தாள். கையை முழங்கை வரை விட்டு அமுக்கினாள். குமிழ் வருவது நிற்கும்வரை அமுக்கினாள்.

நாலு வீடு தள்ளி ஓர் ஆண் குரல். கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன குரல்.

"எம்மா, ஒங்க வீட்டுல காரு நிக்கா? ஒரு நிமிசம் பாத்துக்கிடட்டுமா?"

அவள் கறுப்பு கேட்டின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்தாள். கீல் கிறீச்சிட்டது. உள்ளே குறட்டை நின்றது.

"எவட்டி அது, கேட்டைத் திறந்தது?"

படிப்பை நிறுத்திய நாளிலிருந்து, வாசலில் நிற்கக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம்.

ஈரக் கையைத் துடைக்காமல், அவள் வாசலில் போய் நின்றாள்.