முழுப் படமும் பார்த்தவன்

பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுகிற அவன், படம் பிடிக்கவில்லை என்றால் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிடுவான். மீதியை ஊகித்து எழுதுவான். இதுவரை மாட்டியதில்லை.

இந்த வாரம் மாணவர்களுக்காகவே வாழ்ந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கதை. “இப்படி ஒரு வாத்தியார் எந்த ஊரிலும் இல்லை, எல்லாம் ஜோடனை” என்று விளாசியிருந்தான்.

காலையில் அக்கா பத்திரிகையோடு வந்து நின்றாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“பெரிய விமர்சகரே, படத்தை முழுசாப் பாத்தீரா?”

“பாக்காம எழுதுவேனாக்கா?”

“கடைசில நிஜ வாத்தியார் போட்டோவைக் காட்டுறாங்களே, அதையும் பாத்தியா?”

அப்பா முன்னால் குட்டு உடைந்துவிடக் கூடாதே என்று பயந்தான்.

“பாத்தேன். அழ வைக்கிறதுக்கு அதுவும் ஒரு தந்திரம்.”

அக்கா பத்திரிகையை அவன் முன்னால் வீசினாள்.

“பள்ளிக்கூடமே கதின்னு கெடந்த நம்ம அப்பா போட்டோடா அது! அந்த சினிமாவை எடுத்ததே அவரோட பழைய மாணவன்தான். முன்னாடியே தெரிஞ்சா நீ நியாயமா எழுத மாட்டேன்னு, அப்பாதான் சொல்ல விடலை.”

அவன் பாதியில் வந்ததைச் சொல்லிவிட வாயெடுத்தான்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“விடும்மா. மாணவங்க என்னைப் பள்ளிக்கூடத்துல பாத்தாங்க; வீட்டுல பாத்தவன் இவன்தானே. சரியாத்தான் எழுதியிருப்பான்.”