வைரஸ் விடாத நுரையீரல்

கணினித் திரையில் ஒரு நுரையீரல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தொற்றில் இறந்த தன் கணவன் நோய் வருமுன் எடுத்திருந்த ஸ்கேனை வைத்து, அதன் ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு உருவாக்கியவள் மங்கையர்க்கரசி. அவன் இறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"என்னக்கா, இன்னும் வைரஸை உள்ளே விடலையா? நல்லா இருக்குற நுரையீரலை வச்சு யாருக்கு வைத்தியம் கண்டுபிடிக்கப் போறீங்க?" என்று சிரித்தான், கூட ஆராய்ச்சி செய்யும் தாவீது. அது யாருடையது என்று அவனுக்குத் தெரியாது.

"விடுறேன்டா. நீ சாப்பிடப் போ."

அவன் போனதும் விட்டாள். நுனிக் குழாய்கள் அடைத்துக்கொண்டு கறுக்கத் தொடங்கின. கறுப்பு மெல்ல உள்ளே ஏறியது. அவள் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இங்கதாங்க இருக்கேன்" என்றாள்.