ஆடும் பெண்ணைச் சுமந்த தகடு

நாடகக் கொட்டகையின் மேடைப் பலகைகள் உளுத்துப்போயிருந்தன. மேடையைப் புதுப்பிக்கப் பணம் வேண்டி, ஓவியர் ஒருவர் செப்புத் தகட்டில் ஆடும் பெண்ணைச் செதுக்கி ஐம்பதே படங்கள் அச்சிட்டார். புரவலர்கள் ஆளுக்கொன்றாக வாங்கிப் போனார்கள்.

மறுநாள் தன்னைச் செதுக்கிய உளி திரும்பி வந்ததும் தகட்டுக்கு மகிழ்ச்சி.

"இன்னும் நகை போடப் போறியா?"

"இல்லை. உன் முகத்துல குறுக்கே கீறச் சொல்லிட்டாங்க."

"நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"ஒண்ணும் இல்லை. இனிமே உன்கிட்ட இருந்து படம் வராதுன்னாத்தான் வாங்கினவங்க படத்துக்கு மதிப்பு. அப்படிச் சொல்லித்தான் வித்தாங்க."

"மேடைக்குப் பலகை வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அப்போ கீறு."

கீறிய தகட்டை யாரும் கேட்கவில்லை. புதுப் பலகைகளுக்கு நடுவே ஒரு சந்து விழுந்திருந்தது. ஆடுபவர் காலைக் கீறல் கிழித்துவிடாமலிருக்க, தச்சர் தகட்டைச் சந்தின்மேல் குப்புறக் கவிழ்த்து ஆணியடித்தார். தகட்டுக்கு ஒரே இருட்டு.

அன்று மாலை அதன் முதுகில் ஒரு பாதம் ஓங்கி விழுந்தது. இத்தனை நாளும் ஆடுகிறவளைச் சுமந்த தகடு, சலங்கைச் சத்தத்தை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டது.